ஸ்ப்ளெண்டர் பின்வீல்: கழற்றியதைத் திரும்ப மாட்டிய கதை

எங்கள் வீட்டுப் பழைய ஸ்ப்ளெண்டரில் ஆக்சிலேட்டரைக் குறைத்து ஏற்றும்போதெல்லாம் பின்னாலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். பிரேக் மிதித்தால் பிரேக் ஆர்மில் இருக்கும் அம்புக்குறி, டிரம்மை மூடும் பிரேக் பிளேட்டில் உள்ள அடையாளத்தைத் தொட்டுவிடுகிறது. டிரம்மை உள்ளிருந்து உரசி வண்டியை நிறுத்தும் பிரேக் ஷூ தேய்ந்து முடிந்தது என்று அர்த்தம். வீலை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தால் கையில் லேசான ஆட்டம் தெரிகிறது. கப்ளிங் ரப்பர் (செயின் இழுக்கும் அதிர்வைத் தாங்க வீலின் நடுப்பகுதியான ஹப்புக்குள் இருக்கும் ரப்பர்), பிரேக் ஷூ, ஹப் பேரிங் என்று மூன்றையும் வாங்கிவந்து ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்தேன்.

கழற்றுவது பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. பெடலிலிருந்து வரும் பிரேக் ராடை விடுவித்து, பிரேக் பிளேட்டைப் பிடித்திருக்கும் ஸ்டாப்பர் ஆர்ம் போல்ட்டை எடுத்து, வீலின் நடுத்தண்டான ஆக்சிலின் நட்டைக் கழற்றி, ஆக்சிலை வலப்பக்கமாக உருவினால் அந்தப் பக்கம் இடைவெளியை நிரப்பும் ஸ்பேசர் தானாக விழும். அது விட்ட இடைவெளியில் வீலை வலப்பக்கம் தள்ளினால், செயின் ஓடும் பல்சக்கரத்தை (ஸ்ப்ராக்கெட்) தாங்கும் ஸ்ப்ராக்கெட் டிரம்மிலிருந்து வீல் மட்டும் கழன்று கைக்கு வந்துவிடும். செயினும் ஸ்ப்ராக்கெட்டும், டிரம்மைத் தனியாகப் பிடிக்கும் ஸ்லீவ் நட்டின் பிடியில், பின்வீலைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலேயே இருக்கும். செயின் கவரைத் திறக்கவே வேண்டாம். 1994-ல் வந்த வண்டி இன்றைக்கும் கிராமத்துப் பஞ்சர் கடைக்காரருக்குச் செல்லப்பிள்ளையாக இருப்பதற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம் என்பேன்.

வீலை எடுக்க மெயின் ஸ்டாண்டு உயரம் மட்டும் போதாது, டயர் மட்கார்டில் இடிக்கும். ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு கனமான பலகையைக் கொடுத்துத் தூக்கிவைத்தேன். கழன்ற சாமான்களை அந்த வரிசையிலேயே செய்தித்தாளில் பரப்பி, ஸ்பேசரின் எந்த முகம் எந்தப் பக்கம் பார்த்தது என்று போனில் ஒரு படமும் எடுத்துக்கொண்டேன். மாட்டும்போது அந்தப் படம்தான் பேசும்.

பேரிங் மேல் 6301 என்று போட்டிருந்தது. கடைசி இரண்டு இலக்கம் உள்விட்டத்தைச் சொல்லும்: 00 என்றால் 10 மிமீ, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17, 04-லிருந்து அந்த இலக்கத்தை ஐந்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும். 6301 என்பது 12 மிமீ உள்விட்டம், 37 மிமீ வெளிவிட்டம், 12 மிமீ அகலம். எந்த கம்பெனி போட்டாலும் அளவு இதுதான். கடையில் வண்டிப் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட இந்த எண்ணைச் சொல்லி, இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ளதாகக் கேட்பது நல்லது. மழைத்தண்ணீரும் மண்ணும் உள்ளே போகாது.

புது பேரிங்கை முந்தின நாள் இரவே பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். இரும்பு குளிர்ந்தால் மயிரிழை அளவு சுருங்கும். ஹப்போ சித்திரை வெயிலில் அரைமணி நேரம் கிடந்து சூடேறியிருக்கும். அந்த வித்தியாசமே பாதி வேலையைச் செய்துவிடும். "ஏங்க, ஐஸ்கிரீம் டப்பா பக்கத்துல இது என்னங்க கருகருன்னு?" என்ற கேள்விக்கு மட்டும் பதில் தயாராக வைத்திருக்க வேண்டும்.

பேரிங்கை இறக்கும்போது தட்டு விழவேண்டியது வெளி வளையத்தின் மேல் மட்டும்தான். உள் வளையத்தில் தட்டினால் அடி குண்டுகள் வழியாகப் போய், அவை ஓடும் பாதையில் கண்ணுக்குத் தெரியாத குழிகளைப் போட்டுவிடும். புது பேரிங் சில மாதத்திலேயே முனக ஆரம்பிக்கும். கழற்றிய பழைய பேரிங்கையே புதிதின் மேல் வைத்து, வெளி வளையத்தில் மட்டும் சுற்றிச்சுற்றிச் சின்னச்சின்னதாகத் தட்டினேன். சுத்தியல் சத்தம் 'டங்' என்பதிலிருந்து 'டக்' என்று மாறும் இடம் ஒன்று உண்டு. அப்போது பேரிங் அடியில் உட்கார்ந்துவிட்டது, நிறுத்திவிடலாம்.

இரண்டு பேரிங்குக்கும் நடுவில் ஒரு குழாய் இருக்கிறது. அதை விட்டுவிட்டு இரண்டாவது பேரிங்கை அடித்துவிட்டால் மறுபடியும் எல்லாவற்றையும் பிடுங்க வேண்டியதுதான். குழாய் உள்ளே இருந்தால் மட்டும் போதாது, இரண்டாவது பேரிங் அதை மெல்லத் தொட்டவுடன் நிற்க வேண்டும். அதற்கு மேல் அடித்தால் உள் வளையங்கள் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு, வீல் கனத்துச் சுற்றும். ஆக்சிலை வெறுமனே நுழைத்து விரலால் உருட்டிப் பார்த்தேன். தடையில்லாமல், அதே சமயம் லொடலொடவென்றும் இல்லாமல் சுற்றியது.

அடுத்து பிரேக் டிரம். உள்ளே கிடக்கும் கருப்புத் தூளை வாயால் ஊதாதீர்கள், ஏர் அடிக்கவும் வேண்டாம். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடைத்து எடுத்து, உப்புத்தாளை டிரம்மின் உட்சுவரில் லேசாக ஓட்டினேன். பளபளப்பு போனால் போதும். ஷூக்களை விரிக்கும் பிரேக் கேம் தண்டைக் கழற்றித் துடைத்து, மிகக் கொஞ்சமாக கிரீஸ் தொட்டுவைத்தேன். தாராளமாகத் தடவினால் சூட்டில் உருகி ஷூவுக்கு வந்துவிடும், பிறகு ஷூவைத் தூக்கிப்போட வேண்டியதுதான். கேம் தண்டில் ஒரு புள்ளியும் ஆர்மில் ஒரு புள்ளியும் இருக்கும். இரண்டும் நேராக வந்தால்தான் அம்புக்குறி உண்மை சொல்லும்.

கப்ளிங் ரப்பருக்கு கிரீஸும் வேண்டாம், என்ஜின் ஆயிலும் வேண்டாம். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறிப் பொதபொதவென்று ஆகிவிடும். சோப்புத் தண்ணீர் தடவி ஹப்பின் குழிகளில் அமுக்கினேன். பழைய ரப்பரை எடுத்துப் பார்த்தபோது 'டொக்' சத்தத்துக்குக் காரணம் தெரிந்தது: ஸ்ப்ராக்கெட் டிரம்மின் இறக்கைகள் அழுத்தும் பக்கம் மட்டும் தேய்ந்து, நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது. ஒவ்வொரு முறை ஆக்சிலேட்டரை ஏற்றும்போதும் இறக்கை அந்த இடைவெளியைத் தாண்டி வந்து மோதியிருக்கிறது.

இனி வீலை வண்டிக்குள் கொண்டுபோக வேண்டும். இங்கே பலம் காட்ட வேண்டியதில்லை. வண்டிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, காலைத் தட்டையாக நீட்டி, பாதத்தை டயருக்கு அடியில் கொடுத்தால் வீலை வேண்டிய உயரத்துக்கு ஏற்றி இறக்கலாம். இரண்டு கையும் காலியாக இருக்கும். பிரேக் பிளேட்டை வீலோடு சேர்த்தே உள்ளே தள்ளி, இடப்பக்கம் உள்ள ஸ்ப்ராக்கெட் டிரம்மின் இறக்கைகள் ரப்பர் இடுக்குகளில் இறங்கும்வரை வீலை முன்னும் பின்னும் லேசாகத் திருப்பினேன். புது ரப்பர் முறைத்துக்கொண்டுதான் நிற்கும். உள்ளே போய்விட்டது போலத் தோன்றும், ஆனால் ஹப்புக்கும் டிரம்முக்கும் இடையில் இரண்டு மூன்று மிமீ வெளிச்சம் தெரியும். அந்த வெளிச்சத்தோடு ஆக்சிலைப் போட்டு நட்டை முறுக்கி இழுத்துவிடலாம் என்று தோன்றும். இழுத்தால் ரப்பர் கோணலாக மடங்கிக்கொள்ளும். டயரை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டிய பிறகு முழுதாக உட்கார்ந்தது.

ஆக்சிலைத் துடைத்து மெல்லிய கிரீஸ் பூசி வலப்பக்கத்திலிருந்து நுழைத்தேன். செயின் இறுக்கத்தை மாற்றும் அட்ஜஸ்டர், ஸ்விங் ஆர்ம், ஸ்பேசர், பிரேக் பிளேட், ஹப், ஸ்ப்ராக்கெட் டிரம், மறுபக்க அட்ஜஸ்டர் என்று அத்தனை துளையும் ஒரே நேரில் வரவேண்டும். இடப்பக்கத்திலிருந்து ஒரு நீள ஸ்க்ரூடிரைவரை விட்டு வழிகாட்டினால், வலப்பக்கத்திலிருந்து வரும் ஆக்சில் அதைத் தள்ளிக்கொண்டே வெளியே வந்துவிடும். மாட்டிக்கொண்டால் சுத்தியலைத் தொடுவதற்கு முன் பாதத்தை ஒரு மயிரளவு ஏற்றி இறக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் கோளாறு. ஆக்சில் நட்டைக் கையால் மட்டும் சுற்றிவைத்தேன். ஸ்டாப்பர் ஆர்மையும் போல்ட் போட்டு, இறுக்காமல் விட்டேன்.

இந்த வேலையில் எந்த நட்டை எப்போது இறுக்குவது என்பதுதான் எல்லாமே. தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் போனில் கேட்டபோது, "தம்பி, எதையும் மொதல்லயே டைட் பண்ணாத. செயினு, அலைன்மெண்டு, பிரேக்கு. மூணும் முடிஞ்சப்புறம் ஸ்பேனர எடு" என்றார். அவர் சொன்ன வரிசையிலேயே போனேன்.

செயின் கவரில் உள்ள ரப்பர் மூடியைக் கழற்றி விரலால் செயினை மேலும் கீழும் அசைத்துப் பார்க்கலாம். ஒரே இடத்தில் பார்த்து முடிவுக்கு வரக்கூடாது. பழைய செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நீண்டிருக்காது. வீலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, மிக இறுக்கமாக இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே மேனுவலில் சொன்ன தளர்வை வைக்கவேண்டும். இந்த ரக வண்டிகளுக்கு அது ஏறத்தாழ ஒரு அங்குலம். 'செயின் டைட்டா இருந்தா பிக்கப் நல்லா இருக்கும்' என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். ஆள் உட்கார்ந்ததும் ஸ்விங் ஆர்ம் மேலே ஏறும். முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் பிவட், ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் இடையே தூரம் மிக அதிகம். ஸ்டாண்டில் விறைப்பாக வைத்த செயின், பின்னால் ஆள் ஏறிப் பள்ளத்தில் விழும்போது கியர்பாக்ஸ் தண்டின் பேரிங்கையும் இப்போதுதான் மாற்றிய வீல் பேரிங்கையும் சேர்த்து இழுக்கும்.

அலைன்மெண்டுக்கு, அதாவது முன்வீலும் பின்வீலும் ஒரே நேரில் நிற்பதற்கு, ஸ்விங் ஆர்மில் கோடுகள் இருக்கின்றன. வருடக்கணக்கில் ஓடிய வண்டியில் அந்தக் கோடுகளை நான் தொடக்கத்துக்கு மட்டுமே எடுத்துக்கொள்வேன். கொத்தனார் நூல் ஒன்றை பின் டயரின் பின்பக்கத்திலிருந்து இரண்டு பக்கமும் முன் டயர்வரை தரையிலிருந்து ஒரே உயரத்தில் இழுத்துக்கட்டினேன். என் வண்டியில் முன்னும் பின்னும் 2.75-18 டயர்தான், அதனால் கணக்கு சுலபம். நூல் பின் டயரின் முன் விளிம்பையும் பின் விளிம்பையும் தொட்டுக்கொண்டு போய், முன் டயரையும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உரச வேண்டும். கோடுகள் சமமாக இருந்தபோது நூல் ஒரு பக்கம் விலகி நின்றது. இடப்பக்க அட்ஜஸ்டர் நட்டைக் கால் சுற்று திருப்பியதும் சரியானது. பிறகு செயின் தளர்வை மறுபடி பார்த்தேன், ஏனென்றால் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று மாறும்.

அடுத்தது பிரேக்கை நடுவில் உட்காரவைப்பது. இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆக்சில் நட்டு தளர்ந்திருக்கும்போது பிரேக் பிளேட் கொஞ்சம் அசையும். பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு, "டேய், பெடலக் கையால அமுக்கிப் பிடி, நான் சொல்ற வரைக்கும் விடாத" என்றேன். "வண்டி ஓடிராதே மாமா?" என்று சந்தேகத்தோடு பிடித்தான். அமுக்கியதும் இரண்டு ஷூவும் டிரம்மில் சமமாக ஒட்டி, பிளேட் தன் இடத்துக்குப் போகும். அந்த நிலையில் ஆக்சில் நட்டை இறுக்கினேன். பிறகு ஸ்லீவ் நட்டு, அட்ஜஸ்டர் லாக் நட்டுகள், ஸ்டாப்பர் ஆர்ம் போல்ட்.

ஸ்டாப்பர் ஆர்மின் நட்டு கழலாமல் மடக்கிவிடும் கம்பியான ஸ்பிளிட் பின்னுக்குப் பழையதையே நிமிர்த்திப் போடும் பழக்கம் நம்மூரில் உண்டு. அந்த ஆர்ம்தான் பிரேக் பிளேட்டை ஸ்விங் ஆர்மோடு கட்டிப்போடுகிறது. அது கழன்றால், பிரேக் பிடித்தவுடன் பிளேட்டே வீலோடு சுற்றி, பிரேக் ராடை வளைத்து, வீலை அப்படியே பூட்டிவிடும். ஒருமுறை மடங்கிய கம்பி இன்னொருமுறை மடக்கும்போது எங்கே முறியும் என்று யாருக்கும் தெரியாது. சில்லறைக் காசுக்கு வரும் புதுப் பின்னைப் போடுங்கள்.

பிரேக் ராடின் நட்டைப் பெடலில் 20 முதல் 30 மிமீ வெற்று நகர்வு வரும்படி வைத்தேன். பெடல் உயரம் மாறியதால் பிரேக் லைட் எப்போதும் எரிந்துகொண்டிருந்தது. சுவிட்ச் நட்டையும் கொஞ்சம் இறக்க வேண்டியிருந்தது. வீலைச் சுற்றிவிட்டுக் காது கொடுத்தால் ஷூ ஒரே ஒரு இடத்தில் லேசாக உரசும் சத்தம். புது ஷூவுக்கு இது சகஜம். சுற்று முழுக்க உரசினால்தான் கவனிக்க வேண்டும்.

முதல் ஓட்டம் தெருமுனை வரை, இரண்டாவது கியரைத் தாண்டாமல். அடுத்தது திண்டுக்கல் பைபாஸ் ஓரமாகக் கொஞ்ச தூரம். இறங்கியவுடன் ஹப்பைத் தொட்டுப் பார்த்தேன்: வெதுவெதுப்புதான். கை வைக்க முடியாத அளவு சூடு இருந்தால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது, இல்லை பேரிங் நெருக்கப்பட்டிருக்கிறது. 'டொக்' சத்தம் போயே போய்விட்டது. கியர் மாற்றும்போது வண்டி முன்பு போலத் திமிறாமல் போகிறது. சிறுமலைக்குப் போகலாம் என்று மகள் கேட்டாள். 18 கொண்டை ஊசி வளைவு இறக்கத்தில் புது ஷூவைச் சோதிக்க எனக்கு விருப்பமில்லை. ஷூவின் மேலுள்ள லைனிங் டிரம்மோடு முழுதாகப் படியாதவரை பின்பிரேக் பாதிப் பிடிதான் பிடிக்கும். இரண்டு வாரம் சமதளத்தில் ஓட்டிவிட்டு, ராடு நட்டை அரைச்சுற்று ஏற்றி, ஆக்சில் நட்டில் மறுபடி ஸ்பேனர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போனோம்.

ஸ்ப்ராக்கெட் டிரம்முக்குள் ஒரு பேரிங் தனியாக இருக்கிறது. கையால் சுற்றிப் பார்த்தபோது மணல் அரைப்பது போன்ற நெருடல் லேசாக இருந்தது. அதற்கு ஸ்லீவ் நட்டையும் செயின் கவரையும் கழற்ற வேண்டும். ஸ்ப்ராக்கெட் பற்களும் ஒரு பக்கம் சாய ஆரம்பித்துவிட்டன. எனவே செயின் செட் மாற்றும்போது அதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன்.