கேஸ் வராத இரவுகள்

கேஷுவாலிட்டியில் ஆறு வருடம் நைட் டியூட்டி பார்த்தேன். "இன்னைக்குக் கூட்டமே இல்லையே" என்று அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் பத்தே நிமிடத்தில் வாசலில் ஆம்புலன்ஸ் நிற்கும் என்பது நர்ஸுகள் எல்லாருக்கும் உள்ள நம்பிக்கை. நான் மட்டும் சில நாள் வேண்டுமென்றே சொல்வேன். விளையாட்டுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதயம் நின்று வருபவருக்கு 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை 1 மில்லிகிராம் அட்ரினலின் போட வேண்டும். ஆம்பூலை உடைத்து, சிரிஞ்சில் ஏற்றி, நேரத்தைச் சத்தமாகச் சொல்வது என் வேலை. அதே சரக்கை என் சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பிகள் எனக்கும் ஊற்றிக்கொண்டிருக்கும். பசி தெரியாது, கால்வலி தெரியாது. அப்படி ஒரு தெளிவு எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை. ஆனால் ரத்தத்தில் அது சில நிமிடங்களுக்கு மேல் தங்காது. கேஸ் முடிந்து கை கழுவும்போது காற்றுப் போன டியூப் மாதிரி ஆகிவிடுவேன்.

அதற்கு முதலில் எதிர்க்கடை டீ. அப்புறம் எனர்ஜி டிரிங்க். லிட்டருக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் காஃபீன் இருக்கக் கூடாது என்று இங்கே விதி உண்டு. அதன்படி 250 மில்லி டப்பாவில் அதிகபட்சம் 75. ஒரு டப்பா என்றால் சரி. நான் குடித்தது மூன்று, டீ தனிக் கணக்கு. காஃபீன் களைப்பைப் போக்குவதில்லை. களைப்பை மூளைக்குச் சொல்லும் அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் துண்டு போட்டு உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். அது உடலில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். விடிகாலை மூன்று மணிக்குக் குடித்ததில் பாதி, எட்டு மணிக்கு என்னோடு வீட்டுக்கு வரும். தூக்கம் எங்கே வரும்?

வார லீவு நாள்தான் மோசம். குக்கர் விசிலுக்கே எரிச்சல் வரும். பைபாஸில் காரணமே இல்லாமல் பைக்கை விரட்டுவேன். நாலு வயது மகள் செருப்பைத் தேடித் தாமதமானதற்குக் கத்தியிருக்கிறேன். ஒரு ராத்திரி அவளுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தது. ஒருக்களித்துப் படுக்கவைத்தேன், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன், "ஒண்ணுமில்லடா" என்று மெல்லச் சொல்லிக்கொண்டே இருந்தேன். எல்லாம் அடங்கியபின் மனைவி சொன்னாள்: "எங்களுக்கு ஏதாவது ஆனாத்தான் நீங்க நல்லா பேசுறீங்க."

கேஸ் வரட்டும் என்று நான் காத்திருந்ததை அவளிடம் அதுவரை சொன்னதில்லை.

டயாலிசிஸ் பிரிவுக்கு மாற்றல் கேட்டேன். டப்பாவை நிறுத்தியதும் முதல் வாரம் முழுக்கத் தலைவலி. அதைவிடப் பெரிய வேதனை, நாலு மணி நேரம் மெஷின் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது. ஒருநாள் அலாரம் அடித்தது. ஸ்டூலைத் தள்ளிவிட்டு ஓடினேன். டியூப் லேசாக மடங்கியிருந்தது. கட்டிலில் படுத்திருந்த பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, மெதுவா வாங்க. நான் எங்கயும் போயிட மாட்டேன்."