இனி நாகசுரம் மட்டும்

பத்து ஆண்டுகளாகக் கச்சேரி, திரையிசை, கிடார்க் குழு என்று எல்லாவற்றையும் விமர்சித்துவந்த நான், இனி நாகசுரத்தைப் பற்றி மட்டுமே எழுதுவதென்று முடிவு செய்திருக்கிறேன். மார்கழியில் ஒரே நாளில் மூன்று சபாக்களுக்கு ஓடி எழுதிய குறிப்புகளைத் திருப்பிப் பார்த்தபோது, பாடகர் பெயரை மாற்றினாலும் பொருந்திவிடும் வரிகளே மிகுந்திருந்தன.

சென்ற பங்குனிப் பெருவிழாவில், மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் வாசலில், நாகசுரக் கலைஞர் ஒருவர், வாய்வைத்து ஊதும் நாக்கான சீவாளியை நாவில் நனைத்து, மெல்ல ஊதிப் பார்த்து, மனத்துக்கு ஒவ்வாமல் கழற்றிவிட்டு, கருவியில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தவற்றில் வேறொன்றைப் பொருத்தியதைக் கையெட்டும் தொலைவில் நின்று பார்த்தேன். பிறகு கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி எழுந்தது. பாடல் வரிகளான சாகித்தியமே இல்லாமல், தவிலோடு காலம் மாற்றி மாற்றி வாசிக்கப்படும் அதில் தீர்த்த மல்லாரி, தளிகை மல்லாரி, தேர் மல்லாரி என வகைகள் உண்டென்பதை, விமர்சகன் என்று சொல்லிக்கொண்ட நான் அதன்பிறகே படித்துத் தெரிந்துகொண்டேன் (வெட்கந்தான்).

ஆச்சா மரத்தில் கடையப்படும் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நான் போன சபாக்களிலோ அதற்குக் கிடைத்தது, பாதி நாற்காலிகள் காலியாக இருக்கும் காலை நேர மங்கல இசை மட்டுமே.

புதிய பாடல்களை அனுப்பிவைக்கும் நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். முதல் கட்டுரை, திமிரி, பாரி என்னும் இருவகை நாகசுரங்களுக்கு இடையே உள்ள சுருதி வேறுபாடு பற்றியது.