இளைஞர் சேவைத் திட்டங்களுக்கு நிதியும் அங்கீகாரமும்

மாணவர்களும் இளைஞர்களும் முன்னெடுக்கும் சமூகப் பணிகளுக்கு நிதி தேடுவோர் முதலில் கேட்பது, "யார் பணம் தருவார்கள்?" என்பதுதான். விண்ணப்பம் எழுதும் குழுக்களுக்குத் துணையாக இருந்தும், வந்து குவியும் விண்ணப்பங்களைப் படித்துத் தேர்ந்தெடுப்போரில் ஒருவராக இருந்தும் பழகிய எனக்கு, அதற்கும் முன்பே விடை காணவேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்று தோன்றுகிறது. இனிச் செய்யப்போகும் வேலைக்குப் பணம் கேட்கிறோமா, செய்து முடித்த வேலைக்கு அங்கீகாரம் கேட்கிறோமா? மானியம் தருபவர் அடுத்த ஆறு மாதத்தில் என்ன நடக்கும் என்று பார்க்கிறார். விருது தருபவர் இதுவரை என்ன நடந்தது என்று பார்க்கிறார். பழைய சாதனைகளை மட்டும் அடுக்கிய மானிய விண்ணப்பங்களும், வருங்காலக் கனவுகளை மட்டும் விவரித்த விருது விண்ணப்பங்களும் நல்ல குழுக்களிடமிருந்தே வந்து, நல்ல வேலை இருந்தும் தேர்வாகாமல் போவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

பாடத்தில் கற்பதையும் சமூகப் பணியையும் இணைக்கும் சேவைவழிக் கற்றல் என்ற கருத்துக்கு இந்தப் பெயரை 1967இல் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கல்விப் பணியில் இருந்த ராபர்ட் சிக்மனும் வில்லியம் ராம்சேயும் வழங்கினார்கள் என்பது இத்துறையில் பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. தன்னார்வத் தொண்டிலிருந்து இது வேறுபடும் இடத்தை நிதியளிப்போர் கூர்ந்து கவனிக்கிறார்கள். முதியவர்களுக்கு அரசுப் படிவங்களை நிரப்பிக் கொடுக்கும் மாணவர்கள் நல்ல சேவை செய்கிறார்கள். அதே மாணவர்கள் எந்தக் கேள்வியில் முதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள் என்று குறித்துவைத்து, மொழிப்பாடத்தில் கற்றதைக்கொண்டு அந்தப் படிவத்தை எளிய நடையில் மாற்றி எழுதி, அதை முதியவர்களிடமே படித்துக்காட்டித் திருத்தி, உரிய அலுவலகத்தின் முன் வைத்தால் அது சேவைவழிக் கற்றலாகிறது. இரண்டாவது வகைக்கு நிதி கேட்பது எளிது என்று சொல்லமாட்டேன். ஆனால் கேட்பதற்குக் கல்வித் துறை, சமூக நலத் துறை என இரண்டு வாசல்கள் திறக்கின்றன.

அரசு நிதியை மட்டும் நம்பியிருப்பதன் இடரை அமெரிக்க அனுபவம் தெளிவாகக் காட்டியது. 1990ஆம் ஆண்டின் தேசிய, சமூக சேவைச் சட்டமும் 1993இல் அதை விரிவாக்கிய சட்டமும் சேவைவழிக் கற்றலுக்குக் கூட்டரசு நிதி கிடைக்க வழிசெய்தன. 'லேர்ன் அண்ட் சர்வ் அமெரிக்கா' என்ற திட்டத்தின் வழியாக அந்தப் பணம் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் சமூக அமைப்புகளுக்கும் சென்றது. 2011இல் வரவு செலவுத் திட்டத்திலிருந்து அது முற்றிலும் நீக்கப்பட்டது. ஒரே இடத்து நிதியில் ஒரு திட்டத்தின் முழுச்செலவும் தங்கியிருந்தால் அந்த இடம் மூடும் நாளில் திட்டமும் மூடிவிடும் என்பதால், முதல் ஆண்டிலேயே இரண்டு மூன்று சிறு வழிகளைத் தேடிவைப்பது நல்லது.

சிறு மானியங்கள்தான் தொடங்கும் குழுக்களுக்கு ஏற்றவை என்பது என் உறுதியான கருத்து. பெரிய தொகை வரும்போது கணக்கும் அறிக்கையும் பெரியவர்களின் கைக்குப் போய்விடுகின்றன. இளைஞர்கள் மேடையில் நிற்பவர்களாக மட்டும் மாறிவிடுகிறார்கள். 1986இல் தொடங்கப்பட்ட 'யூத் சர்வீஸ் அமெரிக்கா' நெடுங்காலமாகச் சிறு தொகைகளையே இளைஞர்களுக்கு வழங்கிவந்திருக்கிறது. 1988இல் தேசிய அளவில் தொடங்கிப் பின்னர் உலக அளவில் விரிந்த இளைஞர் சேவை நாளை ஏப்ரல் மாதத்தில் நடத்துவதும் இந்த அமைப்புதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 'யூரோப்பியன் சாலிடாரிட்டி கோர்' திட்டத்தில், 18 முதல் 30 வயதுக்குட்பட்ட குறைந்தது ஐந்து பேர் சேர்ந்து, தங்கள் ஊருக்குத் தேவையான ஒரு பணியை இரண்டு மாதம் முதல் பன்னிரண்டு மாதம் வரை நடத்த நிதி கேட்கலாம். அமைப்பாகப் பதிவு செய்யாத இளைஞர் குழுவையும் விண்ணப்பதாரராக அது ஏற்றுக்கொள்வது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

மேலும் அணுக்கமான வழிகளும் உண்டு. இளைஞர்களுக்கான மன்றங்களில், ரோட்டரியின் இன்டராக்ட் மன்றங்கள் 1962 முதலும், லயன்ஸ் அமைப்பின் லியோ மன்றங்கள் 1957 முதலும் இயங்கிவருகின்றன. பெரியவர்களின் மன்றத்தோடு உறவு இருந்தால், சிறு செலவுகளுக்கு நீண்ட விண்ணப்பம் எழுதாமலே ஆதரவு கிடைக்க வாய்ப்புண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலோ கெல்லாக் அறக்கட்டளையின் உதவியோடு சமூக அறக்கட்டளைகளுக்குள் இளைஞர் ஆலோசனைக் குழுக்கள் உருவாக்கப்பட்டன. அங்கே எந்தத் திட்டத்துக்குப் பணம் கொடுப்பது என்று ஆராய்ந்து பரிந்துரைப்பவர்களே இளைஞர்கள்தாம். கேட்கும் இடத்தில் மட்டும் இளைஞர்களை வைத்துக் கொடுக்கும் இடத்தில் பெரியவர்களை மட்டும் வைக்கும் பழக்கத்தை மாற்ற விரும்பும் எந்த அறக்கட்டளையும் இந்த முறையைப் படித்துப் பார்க்கவேண்டும்.

பணம் கைக்கு வரும் முறையில்தான் பல குழுக்கள் சிக்கிக்கொள்கின்றன. வயதுவராதவர்கள் ஒப்பந்தத்தில் கையொப்பமிடவோ தனியாக வங்கிக் கணக்கை நடத்தவோ பல இடங்களில் சட்டம் இடங்கொடுப்பதில்லை. ஆகவே பள்ளியோ பதிவுபெற்ற தொண்டு நிறுவனமோ அவர்கள் சார்பில் நிதியைப் பெற்றுக் கணக்குக் காட்டவேண்டியிருக்கும். அப்படிப் பெறும் நிறுவனம் நிர்வாகச் செலவு என்று ஒரு பங்கை எடுத்துக்கொள்ளுமா, பணத்தை எடுக்க யாருடைய ஒப்புதல் தேவை, குழு கேட்ட எத்தனை நாளில் பணம் விடுவிக்கப்படும் ஆகிய மூன்றையும் விண்ணப்பிக்கும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். சில மானியங்கள் முன்பணமாக வரும். சில, செலவு செய்து ரசீது காட்டிய பிறகே திரும்பக் கிடைக்கும். வசதியில்லாத குடும்பத்து இளைஞர்கள் இருக்கும் குழுவுக்கு இரண்டாவது வகை உண்மையில் மூடிய கதவுதான். இதை மாற்றச் சொல்லி நிதியளிப்போரிடம் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. கேட்ட பிறகு ஒரு பகுதியை முன்பணமாகக் கொடுத்தவர்களை நான் அறிவேன்.

வரவு செலவுத் திட்டத்தில் போக்குவரத்து, காப்பீடு, பங்கேற்பாளர்களுக்கான உணவு ஆகியவற்றைக் கூச்சத்தால் விட்டுவிடுகிறார்கள். அந்தச் செலவைக் கடைசியில் யாரோ ஓர் ஆசிரியர் தன் பையிலிருந்து கொடுக்கிறார். அதைப் போலவே, இலவசமாகக் கிடைக்கும் அரங்கு, பெரியவர்கள் தரும் நேரம், இரவலாகப் பெற்ற கருவிகள் ஆகியவற்றுக்கும் மதிப்புப் போட்டுக் காட்டவேண்டும். கேட்கும் தொகைக்கு இணையான பங்களிப்பை எதிர்பார்க்கும் நிதியளிப்போர் பலர் இவற்றையும் பங்களிப்பாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்.

விண்ணப்பத்தின் மையப்பகுதிக்கு வருகிறேன். அமெரிக்காவின் தேசிய இளைஞர் தலைமைத்துவ மன்றம் சேவைவழிக் கற்றலுக்காக 2008இல் வெளியிட்ட தர அளவுகோல்கள் எட்டு: பொருளுள்ள சேவை, பாடத்திட்டத்தோடு தொடர்பு, சிந்தித்துத் திரும்பிப் பார்த்தல், பன்மையைப் புரிந்துகொள்ளல், இளைஞர் குரல், சமூகத்தோடு கூட்டு, முன்னேற்றத்தைக் கண்காணித்தல், போதிய கால அளவும் ஆழமும். எட்டையும் பத்தி பத்தியாக எழுதவேண்டியதில்லை. நான் படிக்கும்போது தேடுவது இளைஞர் குரலையும் சமூகத்தோடுள்ள கூட்டையும்தான், ஏனென்றால் மற்றவற்றை ஓர் அனுபவசாலி ஆசிரியர் தனியாக உட்கார்ந்து எழுதிவிட முடியும். ஒரு திட்டத்தில் குழந்தைகளுக்கு உண்மையில் எவ்வளவு பங்கு இருக்கிறது என்று காட்ட, ஆய்வாளர் ரோஜர் ஹார்ட் 1992இல் யுனிசெப்புக்காக விவரித்த பங்கேற்பு ஏணியில் எட்டுப் படிகள் உள்ளன; அடியிலுள்ள மூன்றில் குழந்தைகள் ஆட்டுவிக்கப்படுகிறார்கள், அலங்காரமாக நிறுத்தப்படுகிறார்கள், அல்லது பெயரளவில் இடம்பெறுகிறார்கள். அந்த மூன்றையும் உண்மையான பங்கேற்பாக அவர் கொள்ளவில்லை. இளைஞர்கள் எடுத்த ஒரு முடிவையும், அந்த முடிவால் திட்டம் எவ்வாறு மாறியது என்பதையும் விண்ணப்பத்தில் சொல்ல முடிந்தால், அந்த ஒரு பத்திக்கு மற்ற பக்கங்களைவிட வலு அதிகம். திட்டத்தில் கூட்டாகச் சேரும் நிறுவனத்தின் கடிதமும் அப்படித்தான்: பாராட்டு மட்டும் உள்ள கடிதத்தால் பயனில்லை, அவர்கள் எந்தத் தேவையைச் சொன்னார்கள், என்ன தருகிறார்கள் என்று எழுதிய கடிதமே பேசும்.

இனி அங்கீகாரம். இதில் போட்டியுள்ள விருதுகளும் போட்டியில்லாத விருதுகளும் உண்டு; இரண்டாவது வகையைப் பலர் கவனிப்பதில்லை. 1956இல் பிரிட்டனில் தொடங்கிய எடின்பரோ கோமகன் விருது இன்று 130க்கும் மேற்பட்ட நாடுகளில் 14 முதல் 24 வயதுள்ளோருக்குக் கிடைக்கிறது. வெண்கலம், வெள்ளி, தங்கம் ஆகிய நிலைகளில் சேவை கட்டாயப் பகுதி, யாரையும் முந்தவேண்டிய தேவையில்லை. அமெரிக்காவில் 1979இல் சட்டத்தால் நிறுவப்பட்ட காங்கிரஸ் விருதும் இதே தன்மையுடையது. தங்கப் பதக்கத்துக்கு 400 மணி நேரத் தன்னார்வச் சேவை வேண்டும். போட்டியுள்ளவற்றில், 2001இல் தொடங்கிய குளோரியா பாரன் பரிசு 8 முதல் 18 வயதுடைய அமெரிக்க, கனடிய இளைஞர்களுக்கு உரியது. 1999இல் தொடங்கிய டயானா விருதுக்கு 9 முதல் 25 வயதுள்ளோரைப் பரிந்துரைக்கலாம். தன்னைத் தானே பரிந்துரைக்க இயலாது, குடும்பத்தாரும் பரிந்துரைக்கக் கூடாது. ஆகவே ஆசிரியரோ அமைப்பாளரோ முன்வந்து எழுதினால்தான் அந்த இளைஞருக்கு வாய்ப்பே பிறக்கிறது. தகுதியுள்ள எத்தனையோ பேர் பரிந்துரைக்க ஆளில்லாமல் விடுபடுகிறார்கள் என்பதால், இந்தப் பணியை ஆண்டின் வேலைகளில் ஒன்றாகவே கல்வி நிறுவனங்கள் ஏற்கவேண்டும்.

தனிநபர்களை நாயகர்களாக்கும் விருதுகளைவிட நிறுவனத்தையும் குழுவையும் மதிக்கும் விருதுகளே சேவைவழிக் கற்றலுக்குப் பொருத்தமானவை என்று நினைக்கிறேன். அர்ஜென்டினா 2000ஆம் ஆண்டில் தொடங்கிய 'எஸ்குவெலாஸ் சாலிடாரியாஸ்' குடியரசுத் தலைவர் விருது, பாடத்தோடு இணைந்த சேவைத் திட்டங்களை நடத்தும் பள்ளிகளுக்கு வழங்கப்பட்டது. பல்கலைக்கழகங்களின் டலுவார் கூட்டமைப்போடு இணைந்து வழங்கப்படும் மெக்ஜானெட் பரிசும் உயர்கல்வி நிறுவனங்களின் சமூக ஈடுபாட்டுத் திட்டங்களையே தேர்ந்தெடுக்கிறது. ஒரு மாணவர் பட்டம் பெற்றுச் சென்றபின்னும் நிறுவனத்தில் வேலை தொடர இத்தகைய அங்கீகாரம் தூண்டுகிறது.

பரிசைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் தேவை. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், வண்ணப் பேனாக்களால் படம் வரைவதை இயல்பாகவே விரும்பிய மழலையர்களில் ஒரு பிரிவினருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. பின்னர் அவர்கள் தாமாக வரைவதில் செலவிட்ட நேரம் குறைந்தது. எதிர்பாராமல் அதே சான்றிதழைப் பெற்றவர்களிடம் அந்தக் குறைவு காணப்படவில்லை. ஆகவே சேவைத் திட்டத்தைத் தொடங்கும் நாளிலேயே விருதைக் காட்டி அழைப்பதை நான் விரும்புவதில்லை. வேலை வேரூன்றிய பிறகு, குழு முழுவதையும் சேர்த்து, கூட்டாகப் பணியாற்றிய ஊர் மக்களையும் பெயர் சொல்லிப் பரிந்துரைப்பதே சரியென்று படுகிறது.

மானியத்துக்கும் விருதுக்கும் பொதுவாகத் தேவைப்படுவது பதிவேடு. யார், எந்த நாளில், எத்தனை மணி நேரம், என்ன செய்தார்கள், அன்று என்ன கற்றார்கள் என்று ஒரே குறிப்பேட்டில் எழுதினால் போதும். மணிக்கணக்கு சில விருதுகளுக்கு வேண்டும். ஆனால் நிதியளிப்போர் கேட்பது மாற்றத்தின் கணக்கு. முன்பு சொன்ன முதியவர்களின் படிவ உதாரணத்தில், தொடக்கத்தில் உதவியின்றி நிரப்ப முடிந்தவர்கள் எத்தனை பேர், எளிமைப்படுத்திய பிறகு எத்தனை பேர் என்ற இரண்டு எண்களும் வேண்டும், முதல் எண்ணைத் தொடக்கத்தில் எடுக்காவிட்டால் பிறகு எடுக்க வழியே இல்லை. புகைப்படத்தில் இருப்பவர்களிடமும், சிறுவர்களாயின் பெற்றோரிடமும், எழுத்துவழி ஒப்புதல் வாங்கி அதே குறிப்பேட்டில் சேர்த்துவைக்கலாம்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், தேர்வாளர்களின் கருத்துகளைக் கேட்டு ஒரு மடல் எழுதுங்கள். எல்லோரும் பதில் தரமாட்டார்கள். தருபவர்களின் குறிப்புகள் அடுத்த சுற்றுக்கு நேரடியாக உதவும். அந்தக் கடிதத்தையும் பெரியவர் ஒருவர் எழுதித்தராமல், திட்டத்தை நடத்தும் இளைஞர்களே எழுதட்டும்.