மூன்றாவது சிலிண்டர்

ஜனவரி 6, செவ்வாய்
காலை 4.30. சாவியைத் திருப்பியதும் வண்டி பிடித்துக்கொண்டது, ஆனால் உடம்பெல்லாம் உதறியது. செக் என்ஜின் விளக்கு விட்டு விட்டு மின்னியது. ஒரு நிமிடத்தில் சரியாகிவிட்டது. குன்னூர், பர்லியார், மேட்டுப்பாளையம் வரை ஒரு குறையும் இல்லை. அம்மா பின்சீட்டில் கண்ணை மூடியே இருந்தாள்.

ஜனவரி 7
பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்கிறார் மெக்கானிக் அண்ணன். அப்படியென்றால் சூடான பிறகும் உதற வேண்டுமே? மதியம் கொண்டுபோனால் அவருக்குக் காட்ட ஒன்றுமே இல்லை.

ஜனவரி 8
ஊட்டி முழுக்க உறைபனி. ஸ்கேனர் மாட்டினேன். பி0303. மூன்றாவது சிலிண்டர் மிஸ்ஸிங், அதாவது அதில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. என்ஜினைக் குளிரவைக்கும் கூலன்ட், டப்பாவில் இரண்டு விரற்கடை குறைவு. போன மாதம்தான் ஊற்றினேன். தரையில் ஒரு சொட்டு இல்லை.

ஜனவரி 9, வெள்ளி
செவ்வாய், வெள்ளி என்றால் அம்மாவுக்கு ஆஸ்பத்திரி. போய் வந்தோம். அம்மாவுக்குத் திரும்பும் வழியெல்லாம் கால் இழுத்துப் பிடித்தது.

ஜனவரி 10
பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் மூன்றாவது காயிலை இரண்டாவது சிலிண்டரில் மாட்டினேன். காயில் கெட்டிருந்தால் கோளாறும் கூடவே போய் நாளைக்கு 0302 வர வேண்டும்.

ஜனவரி 11
மறுபடியும் 0303. காயில் இல்லை. பிளக்குகளைக் கழற்றினேன். மற்ற மூன்றும் வெளிர்பழுப்பு. மூன்றாவது மட்டும் கழுவித் துடைத்த மாதிரி பளிச்சென்று இருந்தது. பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒழுகியிருந்தால் கரி படிந்து பெட்ரோல் வாடை அடிக்கும். இது ஆவியில் வெந்த பிளக். காணாமல் போன கூலன்ட் அங்கேதான் போகிறது. ராத்திரியெல்லாம் ஹெட் கேஸ்கெட் (என்ஜினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே உள்ள தகடு) வழியாகக் கசிந்து சிலிண்டரில் தேங்குகிறது. காலையில் ஈர பிளக் நெருப்புப் பிடிக்காமல் திணறுகிறது. சூடேறி உலோகம் விரிந்ததும் அந்த இடைவெளி மூடிக்கொள்கிறது. அதனால்தான் மெக்கானிக் கண்ணில் படவே மாட்டேன் என்கிறது. இன்னும் அதிகம் தேங்கிய ஒரு நாள் ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். அதுவும் ஒரு செவ்வாய்க்கிழமையாக இருந்தால்?

ஜனவரி 12, இரவு
வண்டி நின்று ஐந்து மணி நேரம். நன்றாக ஆறிவிட்டது, ஆனால் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் இன்னும் விறைப்பாக இருக்கிறது. மூடியை மெல்லத் திருகினேன். புஸ்ஸென்று காற்று. அழுத்தம் போய்விட்டால் கூலன்டைத் தள்ள ஆளில்லை. பார்ப்போம்.

ஜனவரி 13, செவ்வாய்
ஒரு உதறல்கூட இல்லை! "இன்னிக்கு வண்டி ஆடலையே" என்றாள் அம்மா. இத்தனை நாளும் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

ஜனவரி 14, போகி
நேற்று மூடியைத் திறக்காமல் விட்டேன். காலையில் அதே உதறல், வெள்ளைப் புகை. இந்தக் குளிரில் எல்லா வண்டியும் புகைதான் விடும். ஆனால் இதில் கூலன்டின் தித்திப்பு வாடை. இனி சந்தேகமே இல்லை.

ஜனவரி 15
பொங்கல். ஹெட்டைச் சீவிச் சமப்படுத்தும் லேத் பட்டறை 18 வரை லீவு.

ஜனவரி 16, வெள்ளி
டாக்சி. மலை ஏறும்போது சூடு ஏறினால் ஹெட்டே வளைந்துவிடும், அம்மாவை வைத்துக்கொண்டு அந்தப் பரீட்சை வேண்டாம்.

ஜனவரி 17
வண்டியை எடுக்கவே இல்லை. இருந்தாலும் இரண்டு தடவை போய்க் கூலன்டைப் பார்த்தேன்.

ஜனவரி 19
ஹெட்டைக் கழற்றினோம். மூன்றாவது சிலிண்டருக்கும் தண்ணீர் போகும் துளைக்கும் நடுவே கேஸ்கெட் நகக்கண் அளவு அரித்திருக்கிறது. மெக்கானிக் அண்ணன் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். ஹெட் லேத் பட்டறைக்கு, ஃபேசிங்குக்குப் போயிருக்கிறது. புதன் மாலைதான் வருமாம்.

நாளைக்குச் செவ்வாய். டாக்சிக்காரர் இன்னும் போன் எடுக்கவில்லை.