எஞ்சின் ரூம்ல மொதல்ல எங்க பாக்கணும்

காசிமேடு, ராயபுரம் பசங்க நெறைய பேரு கப்பல் வேலைக்குப் போறீங்க, அதான் எழுதுறேன். தீ அதிகமா புடிக்கிறது எஞ்சின் ரூம்லதான், ஃபியூயல் பைப்புல சின்ன லீக், அது சூடான எக்ஸாஸ்ட் பைப்பு (பொக போற கொழா) மேல தெளிச்சா போதும். 220 டிகிரிக்கு மேல சூடாகுற எடத்த எண்ணெய் படாம மூடி வைக்கணும்னு சோலாஸ்ல (கப்பல் பாதுகாப்புக்கான உலக ஒப்பந்தம்) சட்டமே இருக்கு, ஆனா ரிப்பேர் முடிச்சிட்டு லேகிங்க, அதான் சூடான பைப்பு மேல சுத்துற உறைய, திரும்பக் கட்டாமலே வுட்டுடறாங்க, நானே பாத்துருக்கேன், வயிறு கலங்கிடும்பா.

ஃபயர் டோர காத்துக்காக கயிறு கட்டித் தொறந்து வைக்காதீங்க, பொக சரசரன்னு மேல ரூம் வரைக்கும் ஏறிடும்.

தீய அணைக்க எஞ்சின் ரூமுக்குள்ள வுடுற சிஓடூ கேஸ (கார்பன் டை ஆக்சைடு) தொறக்குறதுக்கு முன்னாடி தல எண்ணுங்க, உள்ள ஒருத்தன் மாட்டிக்கினா தீயோட சேத்து அவன் மூச்சும் நின்னுடும். ஏறுன மொத நாளே எமர்ஜென்சி எஸ்கேப் வழிய நடந்து பாத்துடுங்க, கண்ண மூடிக்கினு ஒரு தபா.