ஆலு மகல்லா: மூன்றாவது வெள்ளிக்கிழமை

என் கணவரின் பாட்டி கல்கத்தாவில் பிறந்து வளர்ந்தவர், பாக்தாதி யூதர். அலெப்போ, பாக்தாத் பக்கமிருந்து வணிகத்துக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட சமூகம் அது. லண்டனுக்கு வந்த பிறகும் அவர் வீட்டு வெள்ளி இரவுச் சாப்பாட்டில் ஆலு மகல்லா தவறாதாம். பெயரில் பாதி இந்துஸ்தானி, பாதி அரபி. பொரித்த உருளைக்கிழங்கு என்று பொருள்.

அவருடைய நோட்டில் இதற்கு ஒரே வரி: சின்ன உருளை, மஞ்சள், உப்பு, எண்ணெய் மூழ்க. எவ்வளவு நேரம், எந்தத் தீ என்று ஒன்றும் இல்லை. கல்கத்தா யூத வீடுகள் பலவற்றில் முஸ்லிம் சமையல்காரர்கள்தான் சமைத்தார்கள். அவர்களின் கைப்பழக்கம் எந்த நோட்டிலும் ஏறவில்லை.

முதல் வாரம் போண்டாவுக்குப் போல எண்ணெயை நன்றாகக் காயவைத்துப் போட்டேன். நிறம் வந்தது, ஆறியதும் தோல் தொய்ந்துவிட்டது. இரண்டாம் வாரம் வேகவைத்தது அதிகமாகி, ஓரமெல்லாம் உதிர்ந்து எண்ணெய் குடித்தது.

இந்த வாரம் சரியாக வந்தது. பெரிய எலுமிச்சை அளவில் ஒரு கிலோ, தோல் சீவி முழுதாக. உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் ஒரே கொதி, உடனே வடித்துத் துணியில் ஈரம் போகப் பரப்பினேன். அடிகனமான பாத்திரத்தில் ஒரே அடுக்காக வைத்து, காயாத எண்ணெயை மூழ்க ஊற்றி அடுப்பேற்றினேன். குமிழி வந்ததும் தீயைச் சிம்மில் வைத்தேன். முதல் அரைமணி நேரம் கரண்டியே போடக்கூடாது, மேல்தோல் கிழிந்துவிடும். பாத்திரத்தை மெதுவாக அசைத்தால் போதும். ஒரு மணி நேரம் கழித்துக் குமிழிகள் குறைந்தன. உள்ளிருந்த ஈரம் மெல்ல வெளியேறி மேலே ஓடு தடிக்கிறது என்று அர்த்தம். அசைத்தால் ஒன்றோடொன்று மோதிக் கடகடவென்று சத்தம் கேட்டது. அப்புறம் தீயைக் கூட்டிப் பத்து நிமிடம், பொன்னிறம்.

நெய் சேர்க்கலாமா என்று தோன்றியது. கூடாது. பக்கத்தில் வைப்பது கோழி ரோஸ்ட். இறைச்சியோடு பால் பொருள் எதுவும் யூத உணவு விதிப்படி சேராது. வெள்ளி மாலை சூரியன் மறையும்போது வரும் யூதர்களின் ஓய்வுநாளான சபாத் தொடங்கினால் சமைக்கவும் கூடாது என்பதால் மதியமே ஆரம்பித்துவிட்டேன். தொட்டுக்கொள்ள ஹில்பே: ஊறவைத்த வெந்தயத்தைக் கொத்தமல்லி, பச்சைமிளகாய், இஞ்சி, எலுமிச்சைச் சாறோடு அரைத்து நுரைக்க அடிப்பது. இட்லி மாவுக்கு வெந்தயம் அரைத்த கைக்கு இது எளிதாகவே வந்தது.

நன்றாக வந்த மகல்லா முள்கரண்டி பட்டால் குதிக்கும் என்று இவர்கள் வீட்டில் சொல்வார்கள். அத்தையின் தட்டிலிருந்து ஒன்று எகிறி மேஜைவிரிப்பில் விழுந்தது. அத்தை அதை எடுக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆறு பேருக்கு ஒரு கிலோ போதவில்லை. அடுத்த வெள்ளிக்கு ஒன்றரை கிலோ போடணும்.