பின் ஆக்ஸில் 9,600: ஒரு மோட்டார் ஹோம் நாட்குறிப்பு

செப்டம்பர் 21, 2024, சனி. ஃபிரீமாண்ட்

பாதி நாள் டயர் கடையில் போயிற்று. வண்டி, உள்ளேயே படுக்கையும் அடுப்பும் உள்ள மோட்டார் ஹோம்: 2017 மாடல் கிளாஸ் சி (வேன் முகப்புக்குப் பின்னால் வீடு கட்டிய வகை), ஃபோர்டு ஈ-450 சேஸிஸ் மேல் கட்டியது. முந்தைய சொந்தக்காரர் அதிகம் ஓட்டாததால் டயர் பட்டன் (தரையில் படும் பள்ளக் கோடுகள்) எல்லாம் புதுசு போலவே இருந்தது. ஆனால் பக்கச் சுவரில் 'டாட்' என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் 3116. அதாவது 2016-ஆம் ஆண்டின் 31-ஆவது வாரம். டயருக்கு எட்டு வயது.

மோட்டார் ஹோம் டயர் பெரும்பாலும் தேய்வதற்கு முன்பே நின்ற இடத்தில் கெட்டுவிடும். ஓசோனையும் வெயிலையும் தாங்க ரப்பரில் ஒருவித மெழுகு கலந்திருப்பார்கள். டயர் உருண்டு நெளிந்தால்தான் அது மேலே கசிந்து வரும். மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டியில் வராது, விரிசல் விழும். மிச்செலின் ஐந்து வருடத்துக்கு மேல் ஆண்டுதோறும் பரிசோதிக்கச் சொல்கிறது, பத்தாவது வருடத்தில் கண்டிப்பாக மாற்றச் சொல்கிறது. நான் ஏழுக்கு மேல் நம்பமாட்டேன். ஆறையும் மாற்றினேன், ஸ்டெப்னியையும் சேர்த்து.

ஊரிலிருந்து மாமனார் வந்திருக்கிறார். நாமக்கல்லில் லாரி வைத்திருந்தவர். பின்னால் ஒவ்வொரு பக்கமும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று ஜோடி டயர். கடைக்காரர் அவற்றை மாட்டும்போது கூடவே நின்றார். "மாப்பிள்ளை, ஜோடி டயர் ரெண்டும் ஒரே உயரமான்னு பாத்துக்குங்க. ஒண்ணு குட்டையா இருந்தா இன்னொண்ணு தலையில மொத்த லோடும் ஏறிடும்." டேப் வைத்துச் சுற்றளவு அளந்தோம். சரியாக இருந்தது. கடைப் பையன்தான் எங்களை ஒரு மாதிரி பார்த்தான்.

அக்டோபர் 4, வெள்ளி. ஃபிரீமாண்ட்

இரவு கணக்குப் போட்டேன். "உங்க வண்டி எவ்வளவு இழுக்கும்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரே எண்ணில் பதில் கிடையாது. வண்டியும் அதில் ஏறிய எல்லாமும் சேர்ந்து 14,500 பவுண்டைத் தாண்டக் கூடாது. பின்னால் இழுக்கும் கார் சேர்ந்தால் 22,000. முன் ஆக்ஸிலுக்கு (சக்கரங்களைத் தாங்கும் அச்சு) 5,000, பின் ஆக்ஸிலுக்கு 9,600. காரை மாட்டும் ஹிட்ச் கொக்கிக்குத் தனியாக 5,000. 22,000-இலிருந்து 14,500-ஐக் கழித்து "ஏழாயிரத்து ஐநூறு இழுக்கலாம்" என்று நினைப்பவர்கள் உண்டு. கொக்கியில் எழுதியிருக்கும் 5,000-ஐ யார் பார்ப்பது? எது முதலில் தீர்கிறதோ அதோடு கதை முடிந்தது.

பின்னால் வருவது எங்கள் ஜீப் ராங்ளர், நான்கு சக்கரமும் தரையில் உருள. டிரான்ஸ்ஃபர் கேஸை (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) நியூட்ரலில் போட்டு, ஆட்டோமேட்டிக் கியரை பார்க்கில் விட வேண்டும். எல்லாக் காரையும் இப்படி இழுக்க முடியாது. ஹோண்டா சிஆர்-வியை 2014 மாடல் வரை இழுக்கலாம். அடுத்த வருடம் சிவிடி என்ற படியில்லாத ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வந்தது, அந்த வசதி போயிற்று.

அக்டோபர் 5, சனி. ஐ-5 ஓரம்

டிரக் ஸ்டாப்பில் கேட் ஸ்கேல் எடைமேடை. பலகை பலகையாகப் பிரித்திருப்பதால் முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில், ஜீப் மூன்றுக்கும் தனித்தனி எடை சீட்டில் வருகிறது. ஆட்கள் உள்ளே, பெட்ரோல் முழுசு, தண்ணீர்த் தொட்டி முழுசு.

முன் 4,180. பின் 9,760. மொத்தம் 13,940. ஜீப் 4,300.

மொத்தத்தைப் பார்த்தால் 560 பவுண்ட் மிச்சம் இருக்கிறது. ஆனால் பின் ஆக்ஸிலில் 160 அதிகம்! இந்த வகை வண்டிகளில் இதுதான் தொல்லை. பின் சக்கரத்துக்கு அப்பால் உடல் நீண்டு தொங்குகிறது, தண்ணீர்த் தொட்டியும் அங்கேதான். அங்கே வைக்கும் எடை பின் ஆக்ஸிலை அழுத்துவதோடு மூக்கையும் தூக்கிவிடும், சீ-சா பலகை மாதிரி.

ஒரு காலன் தண்ணீர் 8.3 பவுண்ட். முப்பது காலனைத் திறந்துவிட்டு வண்டியை மறுபடி மேடையில் ஏற்றினோம் (24 மணி நேரத்துக்குள் அதே மேடையில் நிறுத்தினால் கட்டணம் குறைவு). முன் 4,260, பின் 9,430. இறக்கியது 250, பின்னால் குறைந்தது 330. மாமா சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "நம்மூர்ல ஓவர்லோடுன்னா ஃபைன் கட்டிட்டுப் போயிட்டே இருப்போம்" என்றார். இங்கே சொந்த மோட்டார் ஹோமை நிறுத்தி எடை போடச் சொல்ல ஆளே இல்லை. அதனால்தான் பலர் போடுவதே இல்லை.

அக்டோபர் 6, ஞாயிறு. நீடில்ஸ்

நேற்று டெஹாச்சப்பி கணவாய், பார்ஸ்டோவில் இரவு, இன்று மொஹாவி பாலைவனம். கலிபோர்னியாவில் வண்டியை இழுத்துக்கொண்டு போகிறவருக்கு மணிக்கு 55 மைல்தான் சட்டம். யாரும் மதிப்பதில்லை. நான் மதித்தேன், லாரிகளும் அதே வேகம் என்பதால் துணைக்கு ஆள் இருந்தது.

நீடில்ஸில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல். காலையில் 80 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) இருந்த பின் டயர்கள், காற்றைக் காட்டும் மானிட்டரில் 90-ஐத் தாண்டின. கொஞ்சம் காற்றை இறக்கிவிடலாமே என்றார் மாமா. கூடாது. 80 என்பது ஓட்டுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது உள்ள அளவு. சூட்டில் ஏறுவதையும் கணக்கில் வைத்துத்தான் டயரைச் செய்கிறார்கள். சூட்டில் இறக்கினால் மறுநாள் காலை குறைந்த காற்றில் கிளம்புவோம். குறைந்தால் சுவர் அதிகம் நெளியும், நெளிந்தால் சூடு, கடைசியில் வெடிப்பு.

எங்கள் டயர் எல்டி225/75ஆர்16, லோடு ரேஞ்ச் ஈ (சுமை தாங்கும் தரம்). 80-இல் தனியாக ஓடினால் 2,680 பவுண்ட் தாங்கும், ஜோடியாக ஓடினால் ஒவ்வொன்றும் 2,470 தான். இரண்டும் சரிபாதி சுமக்கும் என்று சொல்ல முடியாது, நடுவில் சூடும் தங்கும். உள் டயரில் காற்று இறங்கினால் வெளியே தெரியாது. மாமா இரும்புக் கம்பியால் தட்டிப் பார்ப்பார். முழுக்கப் பஞ்சர் என்றால் சத்தம் மாறும், 20 பி.எஸ்.ஐ. குறைவு என்றால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நிறுத்திய இடத்திலெல்லாம் ஹப்பைத் தொட்டுச் சூடு பார்க்கிறார் பாருங்கள், அதை நானும் பழகிக்கொண்டேன்.

அக்டோபர் 8, செவ்வாய். கிராண்ட் கேனியன்

சுமார் 7,000 அடி. டர்போ இல்லாத இன்ஜினுக்கு ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் சக்தி போகும். எங்கள் பத்து சிலிண்டர் வி10 முனகியபடி ஏறியது. பள்ளத்தாக்கைப் பற்றி வீட்டுக்காரி எழுதுவாள்.

வழியில் நெருக்கமான ஒரு பெட்ரோல் பங்கில் மாட்டப் பார்த்தோம். டோ பாரில் (இழுக்கும் இரும்புச் சட்டம்) கட்டிய காரோடு ரிவர்ஸ் எடுக்க முடியாது, ஜீப்பின் முன் சக்கரம் திரும்பிக்கொண்டு எல்லாம் வளையும். கழற்றித்தான் ஆக வேண்டும். நல்லவேளை, உள்ளே நுழையும் முன்பே மாமா இறங்கி வெளியேறும் வழியைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று கைகாட்டினார்.

அக்டோபர் 10, வியாழன். கிங்மேன்

வில்லியம்ஸிலிருந்து மேற்கே ஆஷ் ஃபோர்க் இறக்கம். இறக்கத்தில் இன்ஜினே வேகத்தைக் கட்டுப்படுத்த உதவும் டோ-ஹால் பொத்தானை அழுத்தி, கியரைக் குறைத்து இறங்கினோம். வண்டியின் பிரேக் 14,500 பவுண்டுக்குத்தான். மீதிக்கு ஜீப்பிலேயே பிரேக்கை அமுக்கும் பெட்டி இருக்கிறது. இணைப்பு அறுந்தால் ஜீப்பை நிறுத்தத் தனிக் கம்பியும் உண்டு. கீழே நிறுத்தி பிரேக் எல்லாம் பார்த்தோம். வாசனை எதுவும் இல்லை.

அக்டோபர் 13, ஞாயிறு. ஃபிரீமாண்ட்

நிறுத்தியாயிற்று. டயருக்கு உறை போட்டு, காற்றை 80-இலேயே விட்டேன். இடது உள் டயரில் மட்டும் 4 பி.எஸ்.ஐ. குறைவு. வால்வு நீட்டிப்புக் குழாயில்தான் கசிவு, சோப்புத் தண்ணீரில் குமிழி வந்தது. புதிதாக உலோகக் குழாய் வாங்க வேண்டும்.

ஒரு கேள்வி பாக்கி. கேட் ஸ்கேல் ஆக்ஸில் எடையைத்தான் சொல்லும், இடது வலது சொல்லாது. ஃப்ரிட்ஜ், அடுப்பு, ஸ்லைடு அவுட் (நிறுத்தியபின் வெளியே நீளும் அறைப் பகுதி) எல்லாம் இடப்பக்கம். 9,430-இல் இடது ஜோடிக்கு 4,940-க்கு மேல் போனால் டயர் தாங்காது. சக்கரம் சக்கரமாக எடை போடும் ஆட்கள் மோட்டார் ஹோம் கூட்டங்களுக்கு வருவார்கள். வசந்தத்தில் ஒன்றுக்குப் போகலாம் என்றிருக்கிறேன்.